மூன்றாம் கியர் நிற்காத இடம்

கச்சிராயபாளையம் தாண்டி மலையடிவாரத்து ஊரில் மெக்கானிக் சின்னக்கண்ணு பஸ்ஸை விட்டு இறங்கியபோது மணி பத்து. கல்வராயன் மலையின் பாதி உயரத்துக்கு மேகம் இறங்கியிருந்தது. ரோட்டோரம் நெடுக வெட்டுப்பட்ட புளியமரங்களின் அடிக்கட்டைகள். போன வருஷம், எண்பத்தேழு செப்டம்பரில், இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த அந்த ஒரு வாரம் மரங்களைச் சாய்த்துத்தான் ரோட்டை மறித்திருந்தார்கள்.

அவனை வரச்சொல்லியிருந்த வெங்கடேசன் வீட்டுக் கொட்டகையில் அவருடைய அப்பா காலத்துக் கறுப்புச் சீமைக் கார் நின்றது.

"மூணாவது கியர் நிக்கமாட்டேங்குது. தானா நழுவி நியூட்ரலுக்கு வந்துடுது" என்றார் வெங்கடேசன். "எம் பொண்ணு இலக்கியாவுக்கு இது ஒம்போதாம் மாசம். அம்மா இல்லாத பொண்ணு. எப்ப வலி வந்தாலும் நான்தான் கள்ளக்குறிச்சிக்கு இட்டுகினு போவணும்."

"ஸ்பிரிங்கு செத்துருக்கும், பாத்துடலாம் ஐயா."

கியர்பாக்ஸ் மூடியைத் திறந்தான். அவன் நினைத்தது சரி. கியரை அதன் இடத்தில் பிடித்து வைக்கும் ஸ்பிரிங் தளர்ந்து, அதன் கீழிருந்த இரும்புக் குண்டும் தேய்ந்திருந்தது. இரண்டையும் மாற்றினான். மூன்று மணிக்கு வெங்கடேசனைப் பக்கத்தில் உட்காரவைத்து, கள்ளக்குறிச்சி ரோட்டில் வண்டியை எடுத்தான்.

நாலு கிலோமீட்டர் வரை ஒரு குறையும் இல்லை. ஓடைப்பாலத்துக்கு முந்தைய வளைவில், எல்லாவற்றிலும் பெரிய அடிக்கட்டை இருந்த இடத்தில், 'டக்'கென்று கியர் நழுவியது.

மறுநாள் மறுபடி பிரித்தான். பேரிங், பல், நட்டு, போல்ட்டு எல்லாம் பார்த்தான். எதிலும் பழுதில்லை. ஓட்டிப் பார்த்தபோது அதே வளைவில் நழுவியது. திரும்பி வரும்போது அங்கே ஒன்றும் ஆகவில்லை. கள்ளக்குறிச்சியைப் பார்த்துப் போகும்போது மட்டும்தான்.

இருபத்தைந்து வருஷ வேலையில் இடம் பார்த்து நழுவும் கியரை அவன் கண்டதில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம், வளைவு நெருங்கும்போதே கியர்த் தண்டை இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டான். வெங்கடேசன் முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

முதலில் வாசனை வந்தது. நடவுச் சேற்றின் வாசனை. அதோடு பச்சை ரத்தம்.

பிறகு, தண்டைப் பிடித்திருந்த அவன் கையின் மேல் இன்னொரு கை படிந்தது.

சில்லென்று, ஈரமாக.

கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் விரல்கள் ஒவ்வொன்றாக அவன் விரல்களின் இடையில் நுழைந்தன. அவசரமில்லாமல் தண்டைப் பின்னுக்கு இழுத்தன.

டக்.

வண்டி உருண்டு போய் அடிக்கட்டையின் அருகில் நின்றது.

"இங்க நிக்காத. ஓட்டு" என்று கிசுகிசுத்தார் வெங்கடேசன்.

"யாருங்க ஐயா அது?"

வெங்கடேசன் அடிக்கட்டையைப் பார்த்தபடி சொன்னார்.

"சாலம்மா. எங்க கழனியில நடவு நட்டவ. மறியல் அன்னிக்கு வலி வந்துடுச்சு. வூட்டுக்காரன் வெளியூர்ல. எங்கிட்ட வந்து கெஞ்சினா, ஏத்திகினு வந்தேன். இங்க மரம் கெடந்துச்சு. பாலத்துக்கு அந்தாண்ட ஆளுங்க நின்னாங்க. வண்டிய ஒடச்சிடுவாங்களோன்னு பயம். அவள இங்க எறக்கி வுட்டுட்டு, தோ வந்துடறேன்னு சொல்லித் திருப்பிகினு போய்ட்டேன்."

"அப்புறம்?"

"அந்த ஆளுங்கதான் பாத்துட்டுத் தூக்கிகினு ஓடுனாங்க. பாதி வழியில ரெண்டு உசுரும் போயிடுச்சு. ஒரு வார்த்த சொல்லியிருந்தா நாங்களே மரத்த நகத்தியிருப்போமேன்னு அழுதாங்களாம். நான் கேக்கவே இல்ல, சின்னக்கண்ணு. கேக்கவே இல்ல."

சின்னக்கண்ணுவுக்கு இறங்கி ஓடிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. இறங்கினான். ஆனால் ஓடவில்லை. பின்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றான்.

"கியர்பாக்ஸ்ல ஒண்ணும் இல்லீங்க. அவங்கள எங்க இட்டுகினு போறேன்னு சொன்னீங்களோ, அங்க இட்டுகினு போயிடலாம்."

ஓடையில் தண்ணீர் ஓடும் சத்தம்கூடக் கேட்கவில்லை.

வண்டியின் பின்பக்கம் மெல்லத் தாழ்ந்தது.

அவன் கையிலிருந்த கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

கள்ளக்குறிச்சி வரை கியர் நழுவவில்லை. பின்னால், பல்லைக் கடித்து வலி பொறுக்கும் மூச்சு மட்டும் விட்டுவிட்டுக் கேட்டது. ஆஸ்பத்திரி வாசலில் சின்னக்கண்ணு கதவைத் திறந்தபோது வண்டி லேசாக எழும்பியது. சீட்டு முழுக்க ஈரம். வெங்கடேசன் அந்த ஈரத்தில் முகம் புதைத்து அழுதார்.

அதோடு போய்விட்டாள் என்றுதான் இருவரும் நம்பினார்கள்.

அதிலிருந்து பதினெட்டாம் நாள் விடியற்காலை இலக்கியாவுக்கு வலி எடுத்தது. வெங்கடேசனே ஓட்டிக்கொண்டு வந்தார். தகவல் கேட்டு சின்னக்கண்ணு ஆஸ்பத்திரிக்குப் போனபோது பெண் குழந்தை பிறந்திருந்தது.

"ஒருதடவகூட நழுவல!" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டார் வெங்கடேசன்.

கட்டிலில் படுத்திருந்த இலக்கியா சோர்வாகச் சிரித்தாள்.

"அப்பா, அந்தக்கா எங்க?"

"எந்தக்கா?"

"வண்டில எங்கூட ஒக்காந்துகினு வந்தாங்களே. வழி பூரா என் கையப் புடிச்சுகினே இருந்தாங்க. பயப்படாத, உம்புள்ள பொழைச்சிக்கும்னு சொன்னாங்க."

வெங்கடேசன் பிடித்திருந்த கையை விட்டார்.

"வேற இன்னாம்மா சொன்னாங்க?" என்று சின்னக்கண்ணு மெதுவாகக் கேட்டான்.

"திரும்பிப் போறப்ப புள்ளைய அவங்க மடியில குடுக்கணுமாம். அவ்ளோ ஆசையா கேட்டாங்க. சரின்னு சொல்லிட்டேன்."

குழந்தையை பஸ்ஸில்தான் ஊருக்குக் கொண்டுபோனார்கள். காரைப் பூட்டி ஆஸ்பத்திரி மதிலோரம் விட்டுவிட்டார் வெங்கடேசன். யாருக்காவது விற்றுத் தள்ளிவிடச் சொல்லி, ஒரு வாரம் கழித்துச் சாவியைச் சின்னக்கண்ணுவுக்குக் கொடுத்தனுப்பினார்.

அவன் போனபோது நல்ல வெயில். நான்கு கதவும் பூட்டியபடி இருந்தன. கண்ணாடிகள் மேலே ஏற்றப்பட்டிருந்தன. தூசியைத் துடைத்துவிட்டு உள்ளே பார்த்தான்.

பின்சீட்டுக்கு மேலே, இரண்டு பக்கக் கைப்பிடிகளிலும் முடிந்து, சேற்றுக்கறை படிந்த ஒரு நூல்புடவையால் தூளி கட்டியிருந்தது.

காற்றுப் புகாத அந்த வண்டிக்குள் அது மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.