பத்து பத்துக்கு ஒரு பித்தளை மூளை

தொம்!

சத்தம் வந்த திசையில் ஓடினாள் மாப்பக்கா.

கையில் பக்கெட். பக்கெட்டில் பாதித் தண்ணீர். மீதிப் பாதி வராந்தாவில்.

வாத்தியார் அறைக் கதவைத் தள்ளினாள்...

தரையில் கிடந்தார் வாத்தியார்!

குப்புற. ஒரு கை நீண்டு, ஒரு கை மடங்கி. வழுக்கைத் தலையின் பின்பக்கத்திலிருந்து ரத்தம் கோடாக இறங்கிக் காதைத் தொட்டுக்கொண்டிருந்தது. அந்தக் காதில் ரகசியம் சொல்வதுபோல ஒட்டிக்கொண்டு கிடந்தது பித்தளை மூளை.

ஞாபகசக்திப் போட்டியில் வாத்தியார் ஜெயித்த பரிசு அது. சின்னப் பூசணிக்காய் அளவு. அவர் நாற்காலிக்குப் பின்னால் சுவர்ப் பலகையில் உட்கார்ந்திருக்கும். அசல் மூளை மாதிரியே மடிப்பு மடிப்பாக இருக்கும். மடிப்புக்கு மடிப்பு தூசி பிடிக்கும். தினமும் துடைப்பது, இங்கே மாப் போட்டுப் பெருக்கும் மாப்பக்காதான்.

பழக்க தோஷம். குனிந்து அதைத் தூக்கினாள்.

பிறகுதான் அலறினாள்.

"ஐயோ... யாராவது வாங்களேன்..."

வகுப்பறையிலிருந்து நாலு மாணவர்களும் வந்தார்கள். மாணவர்கள் என்றால் சின்னப் பிள்ளைகள் இல்லை. ரிட்டயர்டு ஹெட்மிஸ்ட்ரஸ், மருந்துக்கடைக்காரர், டெய்லர், வேலைக்குப் பரீட்சை எழுதும் ஒரு பெண். 'ஞாபகசக்திப் பயிற்சிக்கூட'த்தில் ஆறு மாதமாகப் படிப்பவர்கள்.

நாலு பேரும் எட்டிப் பார்த்தார்கள்.

வாத்தியாரைப் பார்த்தார்கள். ரத்தத்தைப் பார்த்தார்கள். மாப்பக்கா கையிலிருந்த மூளையைப் பார்த்தார்கள்.

ஒருத்தர்கூட அலறவில்லை.

"பரவாயில்ல... நல்லாவே இருக்கு" என்றார் மருந்துக்கடைக்காரர், மெல்ல.

பிறகு வரிசையாகப் போய் அவரவர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்கள்.



ஆம்புலன்சுக்கும் போலீசுக்கும் மாப்பக்காதான் போன் செய்தாள்.

*

வாத்தியார் உயிரோடுதான் இருந்தார். ஆனால் பேச்சு மூச்சில்லை. ஆம்புலன்ஸ் ஏற்றிக்கொண்டு போனது.

இன்ஸ்பெக்டர் வந்தார். நல்ல உயரம், நல்ல தொப்பை, தூக்கம் காணாத கண்கள். வந்ததும் முதல் வேலையாக எதையோ தேடினார்.

"என் பேனாவை யாராவது பார்த்தீங்களா?"

"உங்க காதுல இருக்கு சார்" என்றாள் மாப்பக்கா.

எடுத்துக்கொண்டார். முறைத்தார்.

"சரி, சொல்லும்மா. சத்தம் கேட்டப்ப எங்க இருந்தே?"

"படிக்கட்டு துடைச்சிட்டு இருந்தேன் சார்."

அரை மணி கழித்து மறுபடி கேட்டார்.

"பாத்ரூம் வாசல்ல மாப்பைப் பிழிஞ்சிட்டு இருந்தேன் சார்."

மதியம் மூன்றாவது முறை.

"படிக்கட்டை முடிச்சுட்டுப் பாத்ரூமுக்குப் போயிட்டு... இல்ல சார், வராந்தாவுல இருந்தேனோ..."

"ஏம்மா, ஒரு சத்தம். ஒரு உடம்பு. மூணு இடம். நீ என்ன ஆவியா?"

"பதற்றத்துல சரியா..."

"அடிச்ச பொருள் உன் கையில. அதுல பூரா உன் கைரேகை. அங்க பாரு, சுவர்ப் பலகை கோணலாத் தொங்குது. தள்ளுமுள்ளு நடந்திருக்கு. அதுக்கு மேல, உள்ளே நாலு சாட்சி. நாலு பேரும் உன்னைத்தான் சொல்றாங்க."



"என்னையா?"

"சந்தேகமா இருந்தா நீயே கேளு."

ஹெட்மிஸ்ட்ரஸ் எழுந்து நின்றார். கைகளைக் கட்டிக்கொண்டார். செய்தி வாசிப்பவர் குரலில் தொடங்கினார்.

"காலை மணி பத்து பத்து. ஹால் கடிகாரத்தைப் பார்த்தேன். ஆசிரியரின் அறையிலிருந்து பெரும் சத்தம் கேட்டது. நீலப் புடவை கட்டிய பெண் ஒருத்தி பக்கெட்டுடன் வெளியே ஓடினாள். அவளுடைய இடது காலில் மட்டும் செருப்பு இல்லை."

மாப்பக்கா தன் நீலப் புடவையைப் பார்த்தாள். கால்களைப் பார்த்தாள். இரண்டு காலிலும் செருப்பு இல்லை. வாசலில் கழற்றிவிட்டுத்தான் அவள் எப்போதும் உள்ளே வருவாள்.

மற்ற மூன்று பேரும் சொல்லி முடித்தார்கள். பத்து பத்து. கடிகாரம். நீலப் புடவை. இடது கால்.

"பொய் சார். சத்தியமாப் பொய்."

"நாலு பேருமா பொய் சொல்றாங்க? அக்கம் பக்கத்துல யாரை வேணா கேளு, போன் நம்பரைக் கண்ணை மூடிட்டுச் சொல்ற ஆளுங்க இவங்க. இவங்க ஞாபகம் தப்பாது. உன் ஞாபகம்தான் ஊசலாடுது. ஸ்டேஷனுக்குக் கிளம்பு."

"இன்னைக்கேவா சார்?"

"நல்ல நாள் பார்க்கணுமா?"

"நாலு மணிக்கு என் பொண்ணு ஸ்கூல் கேட்ல நிப்பா சார். ஒண்ணாவது படிக்கிறா. நான் போகலேன்னா யாரோட கையையாவது பிடிச்சிட்டு நடந்துடுவா. எல்லாரையும் நம்புவா சார் அவ. கூட்டிட்டு வர வேற ஆளே இல்ல."

இன்ஸ்பெக்டர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி மூன்று. கண்களை மூடித் திறந்தார். பாவமாகத்தான் இருந்தது அவருக்கும். ஆனால் பாவத்தை எஃப்.ஐ.ஆரில் எழுத முடியாது.

"லேடி கான்ஸ்டபிள் போய்ப் பார்த்துப்பாங்க. அஞ்சு நிமிஷம் டைம். தண்ணி குடிச்சிட்டு வா."

ஹெட்மிஸ்ட்ரஸ் அவளைக் கடந்து போகும்போது குனிந்து காதோரம் கிசுகிசுத்தார்.

"நல்லாப் பண்றே. அப்படியே மெயின்டெய்ன் பண்ணு."

ஒரு கண்ணை வேறு சிமிட்டினார்!

மாப்பக்காவின் ரத்தம் கொதித்தது. என் கழுத்தில் கயிற்றை மாட்டிவிட்டுக் கண்ணடிக்கிறாளா இவள்?

*

தண்ணீர் குடிக்கவில்லை மாப்பக்கா. துடைப்பம் வைக்கும் அலமாரிக்கு முன்னால் போய் நின்றாள்.

அவள் இங்கே வந்து இரண்டு வருஷம். வகுப்பு நடக்கும்போது வாசலைப் பெருக்குவாள். பெருக்கிய இடத்தையே மறுபடி பெருக்குவாள். வாத்தியார் சொல்வது காதில் விழுந்துகொண்டே இருக்க வேண்டும், அதற்காக. அந்த வாசல் போல சுத்தமான வாசல் அந்தத் தெருவிலேயே கிடையாது.

வாத்தியாரின் குரல் இப்போதும் காதில் கேட்டது.

'ஞாபகம்ங்கிறது போட்டோ இல்லைங்க. சமையல். ஒவ்வொரு தடவை நினைக்கும்போதும் மூளை அதைப் புதுசா சமைக்குது. உப்பு கொஞ்சம் கூடும், குறையும். ரெண்டு பேர் சமைச்சா ரெண்டு ருசி.'

ரெண்டு பேர் சமைச்சா ரெண்டு ருசி...

நாலு பேர் சமைத்தும் ஒரே ருசி என்றால்?

கடையில் வாங்கிய சாப்பாடு!

இன்னொன்றும் சொல்வாரே. 'சாதாரணமா இருந்தா மூளை தூக்கிப் போட்டுடும். விசித்திரமா ஒண்ணு சேர்த்துக்குங்க, பசக்குனு ஒட்டிக்கும்.'

இடது கால் செருப்பு!

அப்புறம் அந்தக் கடிகாரம்... ஹால் கடிகாரம்...

அலமாரியைத் திறந்தாள் மாப்பக்கா.

சிரித்தாள்.

*

"சார், ஒரே ஒரு நிமிஷம்."

"அழக் கூடாது."

"அழல சார். டெய்லர் அண்ணனை மறுபடி சொல்லச் சொல்லுங்க. நடுவுல மட்டும் நிறுத்துங்க."

"எதுக்கு?"

"என் பொண்ணுக்காக சார்."

இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டார். டெய்லர் எழுந்தார்.

"காலை மணி பத்து பத்து. ஹால் கடிகாரத்தைப் பார்த்தேன். ஆசிரியரின் அறையிலிருந்து பெரும்..."

"நிறுத்துய்யா. அந்தப் பொண்ணு எந்தப் பக்கம் ஓடுனா?"

டெய்லர் விழித்தார். கண்ணை மூடினார். அவருடைய விரல்கள் தொடையில் ஒவ்வொன்றாக நகர்ந்தன.

"காலை மணி பத்து பத்து. ஹால் கடிகாரத்தைப்..."

"யோவ், நான் கேட்டது வேற."

"நடுவுல விட்டா வராது சார். வாசல்லேர்ந்து வரணும்."

"எந்த வாசல்?"

மாப்பக்கா குறுக்கிட்டாள்.

"மனசுக்குள்ள இருக்கிற வீட்டு வாசல் சார். இங்க சொல்லித் தர்ற வித்தை அது. நம்ம வீட்டை நினைச்சுக்கணும். வாசல்ல ஒரு வார்த்தை, செருப்பு ஸ்டாண்டுல ஒரு வார்த்தை, சோபாவுல ஒரு வார்த்தைன்னு வச்சிட்டே போகணும். திரும்ப நடந்தா ஒண்ணொண்ணா எடுத்துக்கலாம். புதுசாக் கத்துக்கிட்டவங்களுக்கு நடுவுல பூந்தா வழி தெரியாது. இவங்க பார்த்ததைச் சொல்லல சார். வச்சதை எடுக்கிறாங்க."

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார்.

"அதாவது... மனப்பாடம்?"

"நான் மூணு தடவை சொன்னேன், மூணும் மாறிச்சு. நிஜமா நடந்ததுன்னா அப்படித்தான் சார் கொழகொழன்னு இருக்கும். இவங்க சொன்னதுல ஒரு புள்ளிகூட மாறல."

"அது போதாதும்மா. கோர்ட்டுல சிரிப்பாங்க."

"அப்ப ஒண்ணு கேளுங்க. ஹால் கடிகாரம் எங்க?"

எல்லோரும் ஹால் சுவரைப் பார்த்தார்கள்.

சுவரில் ஓர் ஆணி இருந்தது. ஆணியைச் சுற்றி வெளுத்த வட்டம் இருந்தது.

கடிகாரம் இல்லை!

"சனிக்கிழமை சாயங்காலம் எல்லாரும் போனப்புறம் நான்தான் கழட்டினேன். பேட்டரி கசிஞ்சு சுவரெல்லாம் வழிஞ்சிருந்துச்சு." முந்தானையில் மறைத்து வைத்திருந்ததை எடுத்து மேஜைமேல் வைத்தாள். கடிகாரம். முள் ஆடவில்லை. "இன்னைக்குத் திங்கள்கிழமை. காலைல நாலு பேரும் எந்தக் கடிகாரத்தைப் பார்த்தாங்கன்னு கேளுங்க."



இன்ஸ்பெக்டர் மெதுவாக எழுந்தார். குரல் இறங்கியது. அவர் குரல் இறங்கினால் ஆபத்து.

"நாலு பேரும் சேர்ந்து ஒரு மனுஷனை அடிச்சுப் போட்டுட்டு, பழியை ஒரு ஏழைப் பொம்பளை தலையில கட்டப் பார்த்தீங்களா? கான்ஸ்டபிள், நாலு பேரையும் ஜீப்புல ஏத்து."

நாலு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முகத்தில் பயம் இல்லை... ஏமாற்றம்தான் இருந்தது.

மருந்துக்கடைக்காரர் தொண்டையைக் கனைத்தார்.

"அப்ப நாங்க ஃபெயிலா சார்?"

"என்னது?"

"கடிகாரம் அவுட் ஆஃப் சிலபஸ் சார். சனிக்கிழமை எழுதிக் கொடுத்தப்ப சுவர்லதான் இருந்துச்சு."

"யாரு எழுதிக் கொடுத்தா?"

"வாத்தியார்தான்" என்றார் ஹெட்மிஸ்ட்ரஸ். "இதுதானே இறுதித் தேர்வு. 'திங்கட்கிழமை பத்து பத்துக்கு நான் செத்த மாதிரி படுத்துக்குவேன். போலீஸ் வேஷத்துல ஒரு நாடகக்காரர் வருவார். எப்படி மிரட்டினாலும் ஒரு வார்த்தை மாத்தக் கூடாது. மாத்தினா ஃபெயில்'னு சொன்னார். உங்க நடிப்பு பிரமாதம் சார். தொப்பைதான் கொஞ்சம் செயற்கையா இருக்கு."

இன்ஸ்பெக்டர் தன் தொப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அசல்தான்.

சனிக்கிழமை வாத்தியார் முதல் தடவையாக வகுப்புக் கதவைச் சாத்தியது மாப்பக்காவுக்கு நினைவுக்கு வந்தது.

அப்போது வாசல் கதவு திறந்தது.

காக்கி உடை. ஒரு பக்கம் பிய்ந்து தொங்கும் மீசை. மூச்சிரைக்க உள்ளே வந்தது ஓர் உருவம்.

"மன்னிச்சுக்குங்க. பஸ் மூணு தடவை பஞ்சராயிடுச்சு. பத்து பத்துக்கு வரச் சொல்லியிருந்தாரு... பொணம் எங்க?"

அசல் இன்ஸ்பெக்டரைப் பார்த்தது உருவம். விறைத்து சல்யூட் அடித்தது. மீசை கழன்று தரையில் விழுந்தது.

டெய்லர் நாற்காலியில் சரிந்தார்.

"அப்ப... இவரு நிஜமா? ஆம்புலன்ஸு?"

"நிஜம்."

"ரத்தம்?"

"நிஜம்யா."

பரீட்சைக்குப் படிக்கும் பெண் ஓவென்று அழ ஆரம்பித்தாள். மருந்துக்கடைக்காரர் தன் கடை மாத்திரையையே ஒன்று போட்டுக்கொண்டார்.

"அப்ப அடிச்சது யாரு?" இன்ஸ்பெக்டர் தலையைப் பிடித்துக்கொண்டார்.

மாப்பக்கா, திறந்திருந்த வாத்தியார் அறைக்குள் கோணலாகத் தொங்கிய பலகையைக் காட்டினாள்.

"யாரும் அடிக்கல சார். அந்தப் பலகையில ஒரு ஸ்க்ரூ இல்ல. மூணு தடவை சொன்னேன், 'நாளைக்குப் போட்டுடலாம்மா'ன்னாரு. செத்த மாதிரி படுக்கக் குனிஞ்சிருப்பாரு. நாற்காலி பின்னால போய் பலகையில இடிச்சிருக்கும். மூளை மேல மூளை விழுந்துடுச்சு."

போன் ஒலித்தது.

ஆஸ்பத்திரி. வாத்தியார் கண் விழித்துவிட்டார்!

இன்ஸ்பெக்டர் ஸ்பீக்கரில் போட்டார்.

"வாத்தியாரே, இன்னைக்குக் காலைல என்ன நடந்துச்சு?"

"எழுந்து பல் தேய்ச்சது வரைக்கும் தெரியுது சார். அப்புறம் வெள்ளைக் காகிதம் மாதிரி இருக்கு."

"புது ஞாபகம் ஈரத் தரை மாதிரி சார்" என்று மாப்பக்கா கிசுகிசுத்தாள். "காயுறதுக்குள்ள மிதிச்சா அழிஞ்சிடும். அவரே சொன்ன பாடம்தான்."

"சனிக்கிழமை?"

"சனிக்கிழமை பக்காவா ஞாபகம் இருக்கு. மாணவர்களுக்கு வாக்குமூலம் எழுதிக் கொடுத்தேன். நாடகக்காரருக்குச் சொன்னேன். மாப்பக்காகிட்டதான், 'நீயும் இதுல இருக்கேம்மா, பயந்துடாதே'ன்னு..."

"சொன்னீங்களா?"



"...மறந்துட்டேன் சார்."

"அந்த ஸ்க்ரூ?"

"எந்த ஸ்க்ரூ?"

இன்ஸ்பெக்டர் போனை வைத்தார். கேஸ் கட்டை மூடினார். காலையிலிருந்து தன் மிரட்டலை நடிப்பென்று நினைத்துக்கொண்டிருந்த நாலு பேரையும் ஒருமுறை நிஜமாகவே மிரட்டினார். நாலு பேரும் மாப்பக்காவிடம் மன்னிப்புக் கேட்டார்கள். நாலு விதமாக.

மணி மூன்று நாற்பது.

"ஸ்கூல் எங்க? வாங்க, ஜீப்புல விட்டுடறேன்." சட்டைப் பையைத் தட்டினார் இன்ஸ்பெக்டர். பேன்ட் பையைத் தட்டினார். முகம் மாறியது. "சாவி..."

"தொப்பிக்குள்ள போட்டீங்க. தொப்பியை பீரோ மேல வச்சீங்க."

தொப்பி கிடைத்தது. சாவியும் கிடைத்தது. அவள் பக்கம் திரும்பினார்.

"எப்படிம்மா இது?"

"ஒழுங்காத் தூங்குங்க சார். பகல்ல வாங்கிப் போட்ட மூட்டையெல்லாம் தூங்கும்போதுதான் மூளை உள்ளே அடுக்குதாம். உங்களுக்கு எல்லாம் வாசல்லயே கிடக்கு."

"பேசாம நீங்களே இங்க வாத்தியாரா வந்துடலாமே?"

மாப்பக்கா வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டாள். வலது கால். இடது கால்.

"அதுக்கு நிறைய மறக்கத் தெரியணும் போல சார். எனக்கு அந்தத் தகுதி இல்லையே."