பாக்கலாங்க

கட்டுரைத் தாள்கள் நனைந்தது மழையின் குற்றமா, குடையைப் பள்ளிக்கூடத்திலேயே மறந்துவிட்டு வந்த அபிராமி டீச்சரின் குற்றமா என்று வாதிட்டால் இரண்டு பக்கத்துக்கும் சான்று கிடைக்கும். எப்படியோ, வீரபாண்டி பிரிவு பஸ் ஸ்டாப்பின் தகரக் கூரைக்குள் அவள் ஓடி வந்து நின்றபோது, எட்டாம் வகுப்பின் மொத்த விடாமுயற்சியும் அவள் கையில் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஏனுங்க... உதறாதீங்க. மை கலைஞ்சிரும்."

திரும்பினாள். மொபெட்டில் துணிக் கட்டுகளோடு ஒதுங்கியிருந்தவன் ஒரு சாக்குக்குள் கைவிட்டு, துணி வெட்டி மிஞ்சிய பனியன் வேஸ்ட்டை வெள்ளை வெள்ளையாக அள்ளினான். அவள் சரி என்பதற்குள் ஒவ்வொரு தாளாக வாங்கி ஒற்றி எடுக்க ஆரம்பித்துவிட்டான். அவசரமில்லாத கைகள். வாய் சிரிக்காமல் கண் மட்டும் சிரிக்கிற ஆள்... இப்படிப்பட்டவர்களிடம் கவனமாக இருக்க வேண்டும் என்று நினைத்தாள். நினைத்தாளே தவிர, பார்வையை எடுக்கவில்லை.

"அது பிள்ளைக எழுதுன கட்டுரை. படிக்காதீக."

"ஒத்தி எடுக்கறப்ப கண்ணை மூடிக்கோணுங்களா?"

அடுத்த தாளை அவளே எடுத்து நீட்டினாள்.

மகுடேஸ்வரன் என்று பெயர் சொன்னான். பொங்கலூர்ப் பக்கம் தோட்டம், வீரபாண்டியில் சின்னதாக ஒரு பனியன் கம்பெனி. பஸ் வரவில்லை, மழை விடவில்லை. தாள்களில் இருந்த கதையை அவளே சொல்ல வேண்டியதாயிற்று. ஒரு விவசாயி கிணற்றின் மேல் கிணறாக வெட்டுகிறான். போதும் என்று கெஞ்சுகிறாள் மனைவி. அவன் கேட்கவில்லை. கடைசியில் தண்ணீர் வருகிறது... ஆனால் அதைக் குடிக்க அவள் வீட்டில் இல்லை. அவன் செய்தது விடாமுயற்சியா, இல்லையா என்பதுதான் பிள்ளைகளுக்குக் கேள்வி. ஒரு பக்கம் நின்று வாதாட வேண்டும். கதையிலிருந்தே சான்று காட்ட வேண்டும். எதிர்ப்பக்கம் என்ன சொல்லும் என்பதையும் எழுதி, அதற்கும் பதில் சொல்ல வேண்டும்.

"தண்ணி வந்துருச்சில்லீங்க? அப்ப ஜெயிச்சுட்டானுங்களே."

"பாதி வகுப்பு அப்படித்தான் எழுதியிருக்கு. எனக்குத்தான் மனசு ஒப்பல."

"அப்ப எது விடாமுயற்சி, எது விடாப்பிடிங்க டீச்சர்?"

சிரித்துக்கொண்டே கேட்டாலும் உண்மையாகவே கேட்டான். அவளும் யோசித்துத்தான் சொன்னாள்.

"எதிர்ல இருக்கது பாறைன்னா தோண்டிக்கிட்டே இருக்கலாம். மனுசன்னா... வேண்டாம்னு ஒரு தடவை சொன்னதும் நிப்பாட்டிரணும். அதுக்கு மேல கேட்டா அது தொல்லை."

அவன் தலையாட்டினான். அந்த வாக்கியம் ஒருநாள் தன் காலையே வாரிவிடும் என்று பாவம், அவளுக்கு அப்போது தெரியாது.

அதற்கப்புறம் பள்ளி விடும் நேரத்துக்கு அந்த மொபெட்டுக்கு அந்தப் பக்கம்தான் வேலை இருந்தது. கிணற்றுக்காரனைப் பற்றிச் சண்டை போட்டார்கள். பொழிப்பு எழுதுவதோடு நின்றுவிடும் பிள்ளைகளை எப்படி 'ஏன்' என்று கேட்க வைப்பது என்று பேசினார்கள். பஸ் சீக்கிரம் வந்துவிட்டால் அவளுக்கு எரிச்சலாக இருந்தது... அது எதற்குச் சான்று என்று அவளே தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

ஒரு மாலை அவன் வண்டியை விட்டு இறங்கி நின்றான். கண்ணிலும் சிரிப்பில்லை.

"உங்க ஊட்டுக்கு வந்து பேசட்டுங்களா?"

அவளுடையது தெற்கே கமுதிப் பக்கத்திலிருந்து இங்கே பிழைக்க வந்த குடும்பம். அப்பா சோணைமுத்து ஒரு பனியன் கம்பெனியில் துணி வெட்டும் கட்டிங் மாஸ்டர். அம்மா பாண்டியம்மாளோ, "அவுக தோட்டங்காட்டுக்காரவுக, நமக்கு எதுக்குத்தா" என்று ஏற்கெனவே முணுமுணுக்கிறாள். ஆனால் மனசு... அது எப்போதோ சரி என்றுவிட்டது. அவள் வீட்டில் அப்பா "பாப்போம்" என்றால் முக்கால் சம்மதம். அந்தச் சொல்தான் நாக்கில் வந்தது. ஆசையாசையாய் அதை அவன் பாஷைக்கு மாற்றிச் சொன்னாள்.

"பாக்கலாங்க..."

அவன் வண்டியின் ஸ்டாண்டை எடுத்தான். பிறகு, "சரிங்க" என்றான் மிக மரியாதையாக. மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை.

முதலில் கவலை, பிறகு கோபம், அப்புறம் ரோஷம். ஒரு தடவை கேட்டதோடு சரியா? அவ்வளவுதானா இவன் ஆசை? போகட்டும்! என்று பஸ் ஏறினாள். ஜன்னல் வழியாகத் தகரக் கூரையைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

அப்போதுதான் பிள்ளைகளின் கட்டுரைகளை வராந்தாச் சுவரில் ஒட்ட ஹெட்மாஸ்டர் லிங்கசாமியிடம் அனுமதி கேட்டாள். "பாக்கலாங்க டீச்சர்" என்றார் அவர் இனிமையாக. அபிராமி சந்தோஷமாகப் பசை டப்பாவைத் தேட, சித்ராதேவி டீச்சர் சிரித்தேவிட்டாள். அவளும் தெற்கத்திக்காரிதான், இங்கே வந்து வருஷக்கணக்காகிறது.

"ஏத்தா, டப்பாவை மூடு. இந்த ஊர்ல மூஞ்சிக்கு நேரா இல்லைன்னு சொல்லமாட்டாக. மரியாதைக் குறைச்சலாம். பாக்கலாங்கன்னா... வேண்டாம்னு அர்த்தம்."

டப்பா கையிலிருந்து நழுவியது.

ஐயோ... அவன் வேண்டாம் என்ற பதிலை வாங்கிக்கொண்டு போயிருக்கிறான். போனவன் திரும்பக் கேட்கவில்லை. கேட்கக்கூடாது என்று பாடம் எடுத்தவளே இவள்தானே! ரோஷத்தோடு இவளும் இருந்துவிட்டால் இரண்டு பேரும் மரியாதையாகவே பிரிந்து போய்விடுவார்கள்.

பள்ளி விட்டதும் பஸ்ஸுக்கு நிற்காமல் நடந்தாள். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. கம்பெனி வாசலில் தையல் பவர் மெஷின்களின் சத்தத்துக்கு நடுவே அவன் எழுந்து வந்து, நனைந்து நின்றவளைப் பார்த்து, ஒரு கை நிறையப் பனியன் வேஸ்ட்டை நீட்டினான்.

"நான் சொல்றதைக் குறுக்க பேசாமக் கேளுங்க" என்றாள். வகுப்புக் குரல்தான், ஆனால் உடைந்திருந்தது. "என் கருத்து... எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. சான்று... நீங்க வராத நாள்ல பஸ் நேரத்துக்கு வந்தாக்கூட எனக்கு அழுகை வருது. எதிர்வாதம்... நான் பாக்கலாங்கன்னு சொன்னது. அதுக்குப் பதில்... அது உங்க ஊரு பாக்கலாங்க இல்ல. எங்க ஊரு பாப்போம். எங்கப்பா பாப்போம்னு சொன்னா சரின்னு அர்த்தம். உங்க பேச்சுல சொன்னா உங்களுக்குப் பிடிக்கும்னு... மாத்திச் சொல்லித் தொலைச்சேன்."

அவன் கண்களில் அந்தப் பழைய சிரிப்பு மெல்ல எட்டிப் பார்த்தது.

"எங்க ஊட்டுலயும் லேசுல ஒத்துக்கமாட்டாங்க டீச்சர்."

"அது பாறை. தோண்டலாம்... ரெண்டு பேருமாத் தோண்டுவோம். வர்ற ஞாயித்துக்கிழமை எங்கப்பாகிட்ட வந்து பேசுறீகளா? பாக்கலாங்கன்னு மட்டும் சொல்லிராதீக."

வெளியே மழை வலுத்தது. அவன் ஓரடி நெருங்கி வந்து, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு 'ங்க' கூடச் சேர்க்காமல் சொன்னான்.

"பாப்போம்."