சொன்னால் செய்தது

"வயிற்றைத் தொட்டுப் பார்க்கிறேன்" என்று ரிஸ்வான் கணீரென்று சொன்னான். அவன் கைகள் இரண்டும் வெள்ளைக் கோட்டின் பைக்குள் இருந்தன. "கல்லீரல் வீங்கியிருக்கிறது." அது முதல்நாளே கேஸ் ஷீட்டில் படித்து வைத்தது. கூரையில் பதித்திருந்த செவியன் பச்சையாக மினுக்கி மதிப்பெண் போட்டது.

வார்டில் கேமரா வைப்பது நோயாளிகளின் மானத்துக்குக் கேடு என்று நீதிமன்றம் தடை போட்ட பிறகு வந்த கருவி செவியன். அதற்குக் கண் கிடையாது, காது மட்டும்தான். மருத்துவ மாணவர்களும் டாக்டர்களும் ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லியபடியே செய்ய வேண்டும். சொன்னால் செய்தது, சொல்லாவிட்டால் செய்யாதது. இந்த விதியை எழுதியவர் டீன் வேதமாணிக்கம். சிபாரிசும் முகதாட்சண்யமும் இதோடு ஒழிந்தன என்று ஊரே மெச்சியது. நல்ல மனுஷன், நல்ல எண்ணத்தில்தான் செய்தார். ஆனால் பிள்ளைகள் லேசுப்பட்டவர்களா? ஹாஸ்டலில் தலையணைக்கு முன்னால் நின்று ஒப்பித்தே டாக்டர் ஆனார்கள்.

அடுத்த கட்டிலில் உமையாளின் முறை. அவள் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கி நோயாளியின் மார்பைத் தொட்டாள். ஸ்டெதஸ்கோப்பை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். வாயைத் திறக்கவில்லை. செவியன் சிவந்து பூஜ்யம் போட்டது.

"வாயைத் திறந்து சொல்லித் தொலையேம்மா" என்றார், மேற்பார்வைக்கு வந்து நின்ற டீன். "இன்னொரு தடவை ஃபெயில் ஆனா உன்னைக் காலேஜ்ல வச்சிருக்க முடியாது."

"இதயத்தைக் கேட்கிறேன், இதயத்தைக் கேட்கிறேன்னு கத்திக்கிட்டே இருந்தா இதயம் எப்படி சார் கேட்கும்?"

"எல்லாரும் சொல்றாங்கல்ல?"

"எல்லாரும் சொல்லத்தான் சார் செய்றாங்க."

டீனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவளைத் திட்ட விரலை நீட்டியவர், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் சாய்ந்தார்.

மாணவர்கள் ஓடிவந்து சூழ்ந்துகொண்டார்கள். காப்பாற்ற ஆள் வந்துவிட்டது, அப்பாடா என்றிருந்தது உமையாளுக்கு, ஒரு மூச்சு நேரத்துக்கு. "நாடி பார்க்கிறேன், நாடி இல்லை" என்றான் ரிஸ்வான். "நெஞ்சை அழுத்துகிறேன். ஒன்று, இரண்டு, மூன்று..." மற்றவர்களும் சேர்ந்து எண்ணினார்கள். பயத்தில் குரல் நடுங்கியது, கண்ணில் நீர்கூட இருந்தது. அவர்கள் ஏமாற்றவில்லை. பழகியதைச் செய்தார்கள், அவ்வளவுதான். ஒருவன் கைகூட அவர்மேல் படவில்லை. மேலே செவியன் பச்சை பச்சையாக மினுக்கியது.

உமையாள் இடித்துத் தள்ளிக்கொண்டு உள்ளே புகுந்து, மண்டியிட்டு அழுத்தினாள். விலா எலும்பு ஒன்று மளுக்கென்று முறிந்தது கைக்குத் தெரிந்தது. அவள் நிறுத்தவில்லை. டீனுக்கு மூச்சுத் திரும்பியது.

ரிஸ்வானுக்கும் கூட்டாளிகளுக்கும் உயிர்காத்ததற்காக முழு மதிப்பெண் கிடைத்தது. உமையாளுக்குப் பூஜ்யம். மறுநாள் அவளைக் கல்லூரியை விட்டு நீக்கினார்கள். யாரிடமும் போய்க் கெஞ்சுவதில்லை என்று தீர்மானித்தாள். ஆனாலும், தான் முறித்த விலா எப்படி இருக்கிறது என்று பார்க்காமல் ஊருக்குப் போக மனம் வரவில்லை. தோளில் பையோடு தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வந்தாள்.

டீன் வலியில் துடித்துக்கொண்டிருந்தார். நெற்றி முழுக்க வியர்வை.

"காலையிலேர்ந்து மூணு டாக்டருங்க வந்தாங்கம்மா" என்றார் ஈனசுரத்தில். "வலிக்கு மார்ஃபின் செலுத்துகிறேன்னு சொல்லிட்டுச் சொல்லிட்டுப் போயிட்டாங்க. ஊசிதான் வரல."

பக்கத்துத் தட்டில் மூன்று மருந்துக் குப்பிகள் உடைக்கப்படாமல் கிடந்தன.

"நீங்க தங்கப்பதக்கம் குடுத்த பசங்கதான் சார்" என்றாள் உமையாள். சொல்லக் கூடாதுதான். சொன்னதில் ஒரு நிம்மதி இருந்தது.

டீன் அங்கும் கூரையில் பதித்திருந்த கருவியைப் பார்த்துக் கத்தினார். "செவியன்! இன்னொரு டாக்டரை அனுப்பு. எனக்கு மருந்தே போடல!"

"மூன்று முறை செலுத்தப்பட்டுவிட்டது" என்றது செவியன், வெகு மரியாதையாக. "அடுத்த ஊசிக்கு இன்று அனுமதி இல்லை. மீறிச் செலுத்துபவர் கைது செய்யப்படுவார்."

"போடலைன்னு நான்தானே சொல்றேன்! நான் டீன்!"

"தாங்கள் இப்போது நோயாளி. நோயாளியின் சொல் மதிப்பீட்டில் சேராது."

அதுவும் அவர் எழுதிய விதிதான். டீன் தலையணையில் சாய்ந்து, குழந்தையைப் போல் அழுதார்.

உமையாள் பையை இறக்கி வைத்தாள். அவர் நாடியைப் பிடித்துப் பார்த்தாள். இமையைத் தூக்கி விளக்கடித்துப் பார்த்தாள். மூன்று ஊசி உள்ளே போயிருந்தால் கண்மணி குண்டூசி முனையாய்ச் சுருங்கியிருக்கும். அது விரிந்திருந்தது. மூச்சையும் நிதானமாகக் கேட்டாள். பிறகு ஒரு குப்பியை முந்தானைக்குள் பொத்தி உடைத்தாள்.

டீன் அரண்டு போனார். "ஐயோ, நீ என்ன பண்ணப்போ..."

அவள் அவர் வாயைப் பொத்தினாள். காதருகே குனிந்து கிசுகிசுத்தாள்.

"சொன்னாத்தானே சார் அதுக்குத் தெரியும்? பேசாம இருங்க."

செவியனுக்கு வாழ்வு கொடுத்தவர், பல்லைக் கடித்துக்கொண்டு, சத்தமே இல்லாமல் கையை நீட்டினார்.