சுவாதீனம்

அம்மாவின் இரும்புக் கட்டிலைக் கதவுக்கு முட்டுக் கொடுப்பதற்காக இழுத்துக்கொண்டிருந்தாள் அவள். வெளியே சித்தப்பாவின் ஆட்கள் கடப்பாரையால் கதவை நெம்பிக்கொண்டிருந்தார்கள். கட்டில் நகரவில்லை.

ஸ்கூல் வேன் ஓட்டுகிறவள். ஸ்டெப்னி டயரைத் தனி ஆளாகக் கழற்றி மாட்டுகிற கை. இந்தக் கட்டிலை ஒரு கையால் தூக்கிப் பிடித்தபடி மறு கையால் அடியில் பெருக்கியிருக்கிறாள். இன்று, மெத்தைகூட இல்லாமல் வெறும் நைலான் நாடாவோடு கிடக்கும் கட்டில், யாரோ படுத்திருப்பதைப் போலக் கனத்தது.

பயத்தில் கை துவண்டுவிட்டது என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டு, சுவரில் காலை ஊன்றித் தள்ளினாள். கிறீச்சென்று நகர்ந்து கதவில் போய் முட்டியது. நெம்பல் நின்றது.

"பாப்பா." கதவிடுக்கில் சித்தப்பாவின் குரல் தேனாக ஒழுகியது. "எதுக்குடா இந்த வீம்பு? வீட்டுப் பத்திரம் வாங்கினவர் பேருக்கு ஆயிடுச்சு. அவர் நல்ல மனுஷன். சாமானை எடுக்க டைம் தர்றேங்கிறார்."

"நல்ல மனுஷன் எதுக்கு சித்தப்பா ஃபியூஸைப் பிடுங்கினார்?"



காலையில் தடையுத்தரவு கிடைத்துவிடும். அதுவரைக்கும் வக்கீல் சொன்ன புத்தி ஒன்றே ஒன்றுதான். "சுவாதீனம் உங்ககிட்ட இருக்கணும். உள்ள இருக்கிறவரைக்கும்தான் இது உங்க வீடு. வாசப்படி தாண்டினீங்க, அப்புறம் கோர்ட்டுக்கு நடந்தே செருப்பு தேஞ்சுடும்."

அதனால் என்ன வந்தாலும் வெளியே போவதில்லை.

சாத்திய ஜன்னல்களின் இடுக்கில் அந்தி வெளிச்சம் வடிந்துகொண்டிருக்க, சுவரோரச் சாமான்கள் ஒவ்வொன்றாக உருவிழந்து இருட்டோடு கலந்துகொண்டிருக்க, அந்த வீட்டில் எப்போதுமே இருந்திராத ஒரு வாடை, ஈரமான ஸ்டாம்ப் பேடின் மை வாடை, கட்டில் பக்கமிருந்து மெல்ல வந்து அவள் மூக்கில் ஏறியது. நாடா ஒன்று நீளமாக முனகி அடங்கியது. தூங்குகிற ஒருவர் புரண்டு படுக்கும்போது கேட்குமே, அந்த முனகல்.

எலி என்று நினைத்தாள். எலிக்கு அவ்வளவு கனம் கிடையாது.

அம்மா நினைவில்லாமல் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிச் சித்தப்பாவிடம் சாவியைக் கொடுத்தது இவளேதான். எழுந்து நடமாட முடியாத நோயாளி என்று மனுக் கொடுத்தால், பதிவு அதிகாரி வீட்டுக்கே வந்து கைநாட்டு வாங்குவார். சித்தப்பாவுக்கு அது போதுமாக இருந்தது. எவளோ ஒருத்தியை இதே கட்டிலில் படுக்கவைத்து, அண்ணி என்று காட்டி, வீட்டை விற்றுவிட்டார். அம்மா கண்ணைத் திறக்காமலே போய்ச் சேர்ந்தாள்.

"எங்கம்மான்னு யாரைப் படுக்க வெச்சீங்க?" அவள் குரல் நடுங்கவில்லை. "அதை மட்டும் சொல்லுங்க. திறந்துடறேன்."

திறக்கப்போவதில்லை. சும்மா கேட்டாள்.

"உங்கம்மாதான். பத்திரத்துல வெச்ச ரேகை ஆதாரோட ஒத்துப்போச்சுல்ல?"

"ஆஸ்பத்திரியில கிடந்தவ எப்படி சித்தப்பா இங்க வந்தா? பஸ் பிடிச்சா?"

ஜன்னல் இடுக்கில் டார்ச் அடித்தது. வெளிச்சம் அவள் முகத்தைக் கடந்தது. கட்டிலுக்குப் போனது. அங்கேயே நின்றது.

"அந்தக் கட்டிலை... நீ தூக்கிப் போடலையா?"

"எதுக்குப் போடணும்? அம்மாவோடது."

"வெளிய வா." தேன் எல்லாம் வற்றியிருந்தது. "வீடு வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். கோர்ட்டுல நானே ஒத்துக்கறேன். முதல்ல நீ வெளிய வாம்மா."

"நல்லா நடிக்கிறீங்க. சீரியல்ல சேர்ந்திருக்கலாம்."

"நடிக்கலை." டார்ச் ஆடியது. "நாங்க காசு கொடுத்து ஏற்பாடு பண்ணினவ அன்னிக்கு வரவே இல்லை. பயந்துக்கிட்டு ஊர்லயே இருந்துட்டா. ராத்திரி அவ போன் பண்ணித்தான் எனக்கே தெரியும். அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு."

"என்ன முடிஞ்சது?"

"அதிகாரியைக் கூட்டிட்டு வந்து பூட்டைத் திறந்தேன். ஏற்கெனவே ஒருத்தி போர்த்திப் படுத்திருந்தா. பின்கதவை அவளுக்காகத் திறந்து வெச்சிருந்தேன், அவதான்னு நினைச்சேன். பேரைக் கேட்டார். உங்கம்மா பேரைச் சொன்னா. விரலை நீட்டினா."

டார்ச் ஜன்னல் விளிம்பில் விழுந்தது. ஓடுகிற செருப்புச் சத்தம். கேட். வண்டி. மற்றவர்களும் போய்விட்டார்கள்.

விழுந்த டார்ச் எரிந்துகொண்டே இருந்தது. அதன் வெளிச்சம் கட்டில்மேல்.

நாடாக்கள் தொய்ந்திருந்தன. தலைக்கு ஒரு பள்ளம். தோளுக்கு. இடுப்புக்கு. குதிகாலுக்கு.

ஆள் இல்லை.

ஓடலாம். ஓடினால் வீடு போச்சு.

கட்டிலருகே போனாள்.

"நீ யாரா வேணா இரு," என்றாள். "இது எங்கம்மா வீடு. நான் எங்கேயும் போறதா இல்லை. நகரு."



பிறகு நாடாக்கள் முனகின. அந்தப் பள்ளம் மெதுவாக, மிக மெதுவாக, கதவுப் பக்கமாக ஒதுங்கியது. இந்தப் பக்கம் ஒரு ஆள் ஒருக்களித்துப் படுக்கும் அளவுக்கு இடம் விட்டு.