ஐந்து வோல்ட்

நிறுவனத்திலிருந்து திரும்பி வந்த பதிவை அவள் மறுபடி ஓடவிட்டாள். இரைச்சல் தெரிந்த சங்கதிதான். ஆனால் அந்த இரைச்சலுக்கு அடியில், அவள் மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில், இன்னொரு மூச்சும் நின்றதுபோல் இருந்தது.

அதைப் பற்றி யோசிக்க அவளுக்குப் பொறுமை இல்லை. கதைகளைக் குரலில் பதிந்து கொடுப்பது அவள் பிழைப்பு. இனியும் இரைச்சல் வந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாக நிறுவனத்தில் சொல்லிவிட்டார்கள். ஜன்னலே இல்லாத அந்தச் சின்ன அறையின் சுவரெல்லாம் கம்பளி தொங்கவிட்டு, கதவிடுக்கில் பழந்துணி திணித்து, வேர்த்து விறுவிறுத்துப் படித்தும் என்ன பயன்? மேசைக்கடியில் இருந்த கம்ப்யூட்டர் பெட்டியின் விசிறி, சூடான தூசி வாசனையை ஊதிக்கொண்டு, ஓயாமல் ஒரே சுதியில் ரீங்கரித்தது. தூசி தட்டினாள். எண்ணெய் விட்டாள். அடியில் ரப்பர் வைத்தாள். எதற்கும் மசியவில்லை.

கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் தம்பியைப் போனில் பிடித்தாள்.

"பன்னிரண்டு வோல்ட்ல சுத்துதுக்கா, அதான் இந்தக் கத்து கத்துது" என்றான். "விசிறியோட கருப்பு வயரை, பவர் பிளக்ல சிவப்புக்கு மாத்து. ஏழு வோல்ட்டுதான் போகும். சத்தம் அடங்கிடும்."

"சூடேறிடாதா?"

"நீ செய்யற வேலைக்கு ஒண்ணும் ஆகாது. அணைச்சிட்டு மாட்டு, அவசரப்படாத."

மாட்டினாள். ரீங்காரம் பாதியாக இறங்கியது. ஒரு பக்கம் படித்துப் பதிந்து, ஹெட்போனில் கேட்டாள். அவள் குரலோடு ஒட்டிக்கொண்டு ஏதோ முணுமுணுப்பு.

"சனியனே!" என்று பெட்டியை ஓர் உதை விட்டாள். மறுபடி தம்பி. ஐந்து வோல்ட்டுக்கு இறக்கும் வழியையும் சொன்னான். மஞ்சளில் இருந்த வயரைச் சிவப்புக்கு மாற்றி, கருப்பைப் பழையபடி கருப்பிலேயே செருகினாள். விசிறி தயங்கித் தயங்கிக் கிளம்பியது. அறை சட்டென்று அமைதியானதில் அவளுக்குக் காது அடைத்தது.

மீண்டும் படித்தாள். மீண்டும் கேட்டாள்.

முணுமுணுப்பு இல்லை. சொற்கள். அவள் படித்த அதே வரிகள், தொண்டைக்குள் ஈரம் தேங்கிய ஒரு குரலில்.

ஹெட்போனைப் போனோடு ஒட்டிப் பிடித்து, தம்பிக்குப் போட்டுக் காட்டினாள். "எக்கோவைக் கூட உனக்குச் சரி பண்ணத் தெரியலையாடா?"

அவன் இன்னொரு தரம் போடச் சொல்லிக் கேட்டான்.

"எக்கோன்னா பின்னாடி வரும்க்கா."

"அதுக்கென்ன இப்ப?"

"இது முன்னாடி வருது. நீ சொல்லப்போறதை முந்திச் சொல்லுது." அவன் குரல் தாழ்ந்தது. "அந்த ரூம்ல கூட யாருக்கா இருக்கா?"

அவள் போனைக் கீழே வைத்தாள். ஹெட்போன் மடியில் கிடந்தது. பதிவு எப்போதோ முடிந்திருந்தது.

குரல் முடியவில்லை.

மேசைக்கடியிலிருந்து வந்தது. அவள் இன்னும் புரட்டாத பக்கத்தை, நிதானமாகப் படித்துக்கொண்டிருந்தது. இத்தனை காலமும் படித்திருக்க வேண்டும். இரைச்சல்தான் அதைக் கேட்கவிடாமல் அவளைக் காத்து வந்திருக்கிறது.

கம்ப்யூட்டரை அணைக்கக்கூடத் தோன்றவில்லை. வயர்களைப் பிடுங்கி, மஞ்சள் மஞ்சளுக்கு, கருப்பு கருப்புக்கு, தடவித் தடவிச் செருகினாள். விசிறி ஓலமிட்டுக் கிளம்பியது. அந்தச் சத்தத்தை இப்படி ஆசையாய்க் கேட்போம் என்று அவள் நினைத்ததே இல்லை. கண்ணை மூடி அதற்குள் ஒண்டிக்கொண்டாள்.

சத்தம் இறங்கியது.

கண் திறந்தாள். வயர் சரியாகத்தான் இருந்தது. பன்னிரண்டு வோல்ட். ஆனாலும் இறங்கியது. இன்னும். இன்னும்.

குனிந்தாள்.

பெட்டியின் திறந்த பக்கம். உள்ளே இருட்டு. அந்த இருட்டிலிருந்து நீண்டு வந்த வெளிறிய விரல் ஒன்று, உஷ் என்று உதட்டில் வைப்பதுபோல, விசிறியின் இறக்கைமேல் மெல்லப் படிந்திருந்தது.

விசிறி நின்றது. விரல் அங்கேயே இருந்தது.