மூடி வைத்த குக்கீ

புதன்கிழமை மதியம் மூன்று மணிக்கு வந்த பெண், கைப்பையிலிருந்து ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தாள். வைத்த கையை உடனே இழுத்துக்கொண்டாள். உள்ளே என்ன இருக்கிறது என்று பட்டாசு கேட்டாள்.

"செத்துப்போனவங்க செஞ்ச குக்கீ."

சாம்பல் அக்கா உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள். முப்பது வருடம் இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்த்தவள். தீப்பிடித்த வீடுகளுக்குப் போய்ச் சாம்பலைக் கிளறி, நெருப்பு எங்கே தொடங்கியது, யார் கையால் தொடங்கியது என்று சொல்வதுதான் வேலை. அதனால் வந்த பெயர் ஓய்வு பெற்ற பிறகும் ஒட்டிக்கொண்டது. வாய் ஓயாததால் பட்டாசு என்று பெயர் வாங்கியவள் அவளுடைய ஓரகத்தி, கொழுந்தனாரின் மனைவி. இப்போது வீட்டிலிருந்தபடியே இருவரும் சேர்ந்து துப்பறிகிறார்கள். ஓரகத்திகள் இருவர் ஒரே வீட்டில் ஒற்றுமையாக இருப்பதே துப்பறிய வேண்டிய விஷயம்தான். ஆனால் அதற்காக யாரும் இதுவரை வந்ததில்லை.

வந்தவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதித்து எண் எழுதிக் கொடுக்கிறவள். கல்யாணமாகி நான்கு மாதம். கணவர் லிஃப்ட் மெக்கானிக், அவருக்கு இது இரண்டாம் கல்யாணம். முதல் மனைவி நோயில் இறந்து பதினான்கு மாதம் ஆகிறது. பதின்மூன்று வயதில் ஒரு மகள். மாடியில் கணவரின் அக்கா, தனியாக இருக்கிறார்.

கடந்த இரண்டு மாதத்தில் ஏழு முறை அது நடந்திருந்தது. மாலை ஐந்தரைக்கு அவள் வேலையிலிருந்து வரும்போதே படிக்கட்டில் சாக்லேட் வாசனை அடிக்கும். வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள். ஓவன் கொதிக்கும். சாப்பாட்டு மேசையில், ஜன்னலோர நாற்காலிக்கு முன்னால், இறந்தவளின் நீலக்கரைத் தட்டு இருக்கும். அதன்மேல் ஒரு கிண்ணம் கவிழ்த்து மூடியிருக்கும். கிண்ணத்தைத் தூக்கினால் ஒரே ஒரு சாக்லேட் குக்கீ. விண்டால் நடுவிலிருந்து வெள்ளை வெளேரென்று மார்ஷ்மெல்லோ, அந்தப் பஞ்சு போன்ற மிட்டாய், இழுபடும். அந்த வீட்டில் அப்படிச் செய்யத் தெரிந்தவள் இறந்தவள் ஒருத்திதான்.

"அவங்க நாற்காலி அது. எனக்குத் தெரியாம அதுலதான் நான் தினம் உட்கார்ந்துட்டு இருந்திருக்கேன். இது என் இடம், எழுந்திருன்னு சொல்றாங்க."

முதலில் அவள் நாத்தனாரைச் சந்தேகித்தாள். மாடியில் ஒரு சாவி இருந்தது. மூன்றாவது முறைக்குப் பிறகு பூட்டையே மாற்றி, புதுச் சாவியைக் கணவருக்கும் மகளுக்கும் மட்டும் கொடுத்தாள். கணவர் எட்டு மணிக்கு முன் திரும்ப மாட்டார். மகள் நாலே காலுக்குப் பள்ளியிலிருந்து வந்து உடை மாற்றிக்கொண்டு, ஐந்து மணிக்குப் பூப்பந்துப் பயிற்சியில் நிற்பாள். பூட்டு மாறியும் குக்கீ வந்தது. முட்டைகளை எண்ணி வைத்தாள், மாவு டப்பாவில் பென்சிலால் கோடு போட்டாள். ஒன்றும் குறையவில்லை. தொட்டியில் கழுவிய பாத்திரத்தின் ஈரம்கூட இல்லை. ஏதாவது ஒளித்து வைத்திருக்கிறார்களா என்று சமையலறை முழுவதையும் புரட்டிப் போட்டுப் பார்த்தாள். ஃப்ரீசரில் இறந்தவளின் கையெழுத்தில் 'மீன் தலை' என்று எழுதிய டப்பாவை மட்டும் திறக்கவில்லை. மீன் வாடை அவளுக்கு ஆகாது.

கணவரிடம் சொன்னாள். அவர் நம்பவில்லை என்றால்கூடப் பரவாயில்லை, அவளே சுட்டு வைத்து இறந்தவளைக் கேலி செய்கிறாள் என்று நினைத்துவிட்டார். பத்து நாளாகப் பேச்சு இல்லை. ஞாயிற்றுக்கிழமை அண்ணன் கார் எடுத்துக்கொண்டு வருகிறான். பெட்டி கட்டியாகிவிட்டது. போய்விட்டால் திரும்பி வருவதாக இல்லை.

மற்ற ஆறு குக்கீகள் என்னவாயின என்று சாம்பல் அக்கா கேட்டாள். வாயில் வைக்கப் பயந்து குப்பைப் பையில் போட்டுக் கட்டி வைத்ததாகவும், காலையில் பள்ளிக்குப் போகும்போது மகள் பையைக் கீழே கொண்டு போய்விடுவாள் என்றும் அவள் சொன்னாள். அந்தச் சின்னப் பெண் மரியாதைக் குறைவாக நடப்பதில்லை. ஆனால் அவசியம் இல்லாமல் ஒரு வார்த்தை பேசுவதில்லை, எந்த முறை சொல்லியும் கூப்பிடுவதில்லை.

"அது எப்போ வரும்னு முன்கூட்டியே ஏதாவது தோணுமா?"

"பட்ட காலிலே படும்னு சொல்வாங்களே, அது மாதிரிதான். காலையில அழுதுட்டு வேலைக்குப் போன நாளா பார்த்து, சாயங்காலம் இதுவும் வந்து நிக்கும்."

"அழுதது யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது. அவர் ஆறு மணிக்கே கிளம்பிடுவார். பாத்ரூம்ல குழாயைத் திறந்து விட்டுட்டுத்தான் அழுவேன்."

இதற்குள் பட்டாசு டப்பாவைத் திறந்து, குக்கீயை இரண்டாக வெட்டி, ஒரு பாதியை வாயில் போட்டிருந்தாள். ஓரகத்தி முறைத்ததைப் பார்த்தும் மெல்லுவதை நிறுத்தவில்லை. "பேய்க்கு நல்ல கைமணம் அக்கா," என்றாள். மறு பாதியைச் சாம்பல் அக்கா ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ஊசியால் கிளறினாள். மார்ஷ்மெல்லோ கரைந்து ஓடாமல், கட்டைவிரல் அளவுக்கு நடுவில் முழுசாக நின்றது. தூள்தூளாகும் வரை அவள் கிளறிக்கொண்டிருந்தாள்.

வியாழக்கிழமை பட்டாசு சும்மா இருக்கவில்லை. இறந்தவளின் சமையல் நோட்டை வாங்கி வைத்திருந்தாள். அதில் எழுதியிருந்தபடி வெண்ணெய், சர்க்கரை, கோகோ, மாவு, முட்டை எல்லாம் அளந்து பிசைந்து, மார்ஷ்மெல்லோவை உள்ளே வைத்து உருட்டிச் சுட்டாள். மார்ஷ்மெல்லோ உருகி ஓரத்தைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்து தட்டில் தார் போல ஒட்டியது. விண்டு பார்த்தால் நடுவில் வெறும் பொந்து. மூன்று முறை சுட்டாள், மூன்று முறையும் பொந்துதான். இது மனுஷக் கையால் ஆகிற காரியமில்லை என்று தீர்ப்பும் சொல்லிவிட்டாள்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சாம்பல் அக்கா முணுமுணுத்தாள். மிச்சமிருந்த ஒரு உருண்டையை எடுத்து ஃப்ரீசரில் வைத்தாள். மாலையில் அது கல்லாகிப் போயிருந்தது. அப்படியே ஓவனில் வைத்துச் சுட்டு விண்டாள். வெள்ளை நடுவில் முழுசாக நின்று, இழுத்த பக்கமெல்லாம் வந்தது. பட்டாசு தன் தீர்ப்பைத் திரும்பப் பெற்றுக்கொண்டாள். அந்த வீட்டில் அது அபூர்வம்.

சனிக்கிழமை மதியம் இருவரும் அந்த வீட்டுக்குப் போனார்கள். நாத்தனார் படிக்கட்டிலேயே உட்கார்ந்திருந்தார், ஐம்பது வயதிருக்கும். பூட்டை மாற்றிய நாளிலிருந்து அவருக்கும் கீழ்வீட்டுக்கும் பேச்சு குறைந்திருந்தது. சாம்பல் அக்கா சமையல், சாமான் என்று ஏதேதோ பேசிவிட்டு, இங்கே நல்ல மீன் எங்கே கிடைக்கும் என்று கேட்டாள். தங்கள் குடும்பத்துக்கே மீன் ஆகாது என்றும், தம்பிக்கு வாசனை பட்டாலே உடம்பு தடித்துவிடும் என்றும், அந்த வீட்டுப் படியில் மீன் ஏறியதே இல்லை என்றும் அவர் சொன்னார்.

குக்கீயைப் பற்றிக் கேட்டதும் முகம் மாறிவிட்டது. மெதுவாகச் சொன்னார். முதல் தடவை துணி எடுக்க இறங்கியபோது மணி நாலே முக்கால். ஓவன் கதவு கிறீச்சிட்டது. தம்பி மனைவி இருந்தபோது எப்படிக் கிறீச்சிடுமோ அப்படியே. பிறகு வாசனை. அன்றிலிருந்து பல மாலைகள் அந்தப் படியில் வந்து உட்கார்ந்திருக்கிறார்.

"பயமா இல்லையா?" என்றாள் பட்டாசு.

"பயம்தான். யார்கிட்டயாவது சொன்னா அவ வராம போயிடுவாளோன்னு பயம்."

சாம்பல் அக்கா உள்ளே போய் ஓவனைப் பற்றவைத்துச் சூடாக்கி அணைத்தாள். கனமான பழைய இரும்பு. முக்கால் மணி நேரம் கழித்தும் கதவில் கை வைக்க முடியவில்லை. அதற்குள் அவள் பாத்ரூமைப் பார்த்தாள், சுவரைத் தட்டினாள், அந்தச் சுவருக்கு அடுத்த பக்கம் யாருடைய கட்டில் என்று போய்ப் பார்த்தாள். பிறகு எல்லாரையும் சமையலறைக்குக் கூப்பிட்டாள். எங்கேயோ ஒரு லிஃப்டில் நாலு பேர் மாட்டிக்கொண்டதால் கணவர் வரவில்லை. மகள் பயிற்சி முடிந்து, மட்டையோடு வந்து வாசலை ஒட்டி நின்றாள்.

"முதல் நாளே நீங்க உண்மையைத்தான் சொன்னீங்க," என்றாள் சாம்பல் அக்கா கண்ணாடிக் கடைக்காரியிடம். "இதை உருட்டினது செத்துப்போனவங்கதான்."

நாத்தனார் கண்ணை மூடிக்கொண்டார். சாம்பல் அக்கா அவசரப்படாமல் சொல்லிக்கொண்டு போனாள். ஒரு குக்கீக்காக யாரும் மாவு பிசைய மாட்டார்கள். முட்டையும் குறையவில்லை, மாவும் குறையவில்லை, பாத்திரமும் நனையவில்லை. ஆகவே மாவு அன்றைக்குப் பிசைந்ததே இல்லை. மார்ஷ்மெல்லோ உருகாமல் நின்றதால், உருண்டை உறைந்த நிலையில் ஓவனுக்குள் போயிருக்கிறது. உறைந்த சாமான் இருக்கும் இடம் ஃப்ரீசர். அங்கே, மீனே ஆகாத வீட்டில், 'மீன் தலை' என்று ஒரு டப்பா. அந்த டப்பாவை இந்த வீட்டுக்காரர்கள் யாரும் தொட மாட்டார்கள் என்று தெரிந்து வேண்டுமென்றே எழுதிய பெயர் அது.

"உருட்டினது அவங்க. சுட்டது உயிரோட இருக்கிற ஒருத்தர். ஓவன் சூட்டைப் பிடிச்சு வச்சுக்கும். அஞ்சரைக்குக் கொதிச்சா அஞ்சரைக்குத்தான் சுட்டாங்கன்னு அர்த்தமில்லை. நாலே முக்காலுக்குச் சுட்டுட்டு அஞ்சு மணிக்கு வேற இடத்துல நிக்கலாம்."

மகள் மட்டையின் கைப்பிடியைச் சுற்றிய துணியைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"என்னைத் துரத்தவா?" என்று கேட்டாள் கண்ணாடிக் கடைக்காரி.

"கிண்ணத்தைக் கவுத்து மூடியிருந்துச்சு, இல்லையா? செத்தவங்களுக்கு யாராவது சூடு ஆறாம மூடி வைப்பாங்களா? அந்த நாற்காலியில இப்போ உட்கார்றது நீங்க. நீங்க அழுத நாளா பார்த்து அது வரலை. நீங்க அழுததாலதான் அது வந்துச்சு. குழாயைத் திறந்து விட்டா வெளியில நிக்கிறவங்களுக்குக் கேக்காது. சுவரை ஒட்டிப் படுத்திருக்கிறவளுக்குக் கேக்கும்."

மகள்தான் பேசினாள், தரையைப் பார்த்தபடி.

"அம்மா யாரையும் ஏன் அழறேன்னு கேக்க மாட்டாங்க. ஒண்ணு சுட்டு, மூடி வச்சுட்டுப் போயிடுவாங்க. அம்மா விஷயம் எதையும் உங்க முன்னாடி பேசக் கூடாதுன்னு அப்பா சொல்லியிருந்தார். அதான் சொல்லலை."

கண்ணாடிக் கடைக்காரி மேசையைப் பிடித்துக்கொண்டாள். "குப்பைப் பையில பார்த்தியா?"

"ம். பை மெல்லிசு. உள்ளே இருக்கிறது தெரியும்."

"அப்புறமும் ஏன் வச்சே?"

"அம்மா செஞ்சது. ஒரு தடவை சாப்பிட்டுட்டா உங்களுக்குப் பிடிச்சுடும்னு நினைச்சேன்."

பட்டாசு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். புதன்கிழமை தின்ற பாதி நெஞ்சில் வந்து நின்றது. ஆறு குப்பையில் போனது, ஏழாவதில் பாதி ஊசி முனையில், பாதி அவள் வயிற்றில். சாம்பல் அக்கா ஃப்ரீசரைத் திறந்து டப்பாவை எடுத்து மேசையில் வைத்தாள். உள்ளே ஒரு உருண்டை இருந்தது. பனி பூத்த அதன் தலையில் ஒரு கட்டைவிரல் அழுந்திய பள்ளம் இருந்தது. எல்லாரும் அந்தப் பள்ளத்தையே பார்த்தார்கள்.

"நீ ஒண்ணாவது சாப்பிட்டியா?" என்று கண்ணாடிக் கடைக்காரி கேட்டாள்.

"இல்ல. எட்டுதான் இருந்துச்சு."

அவள் அழுதாள். இந்த முறை குழாயைத் திறக்கவில்லை. அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, அண்ணனுக்குப் போன் போட்டு நாளைக்குக் கார் வேண்டாம் என்றாள். பிறகு, இதைப் பத்திரமாக அப்படியே வைத்துவிடவா என்று மகளைக் கேட்டாள். மகள் யோசித்தாள். வைத்தால் யாரும் சாப்பிட மாட்டார்கள் என்று சொல்லி, ஓவனைப் பற்றவைத்தாள்.

வாசனை மெல்லக் கிளம்பிச் சமையலறையை நிறைத்துப் படிக்கட்டுக்குப் போனது. ஓவன் கதவு கிறீச்சிட்டதும் நாத்தனாருக்குத் தோள் குலுங்கியது. கண்ணாடிக் கடைக்காரி குக்கீயை நாலாக விண்டாள். மார்ஷ்மெல்லோ நாலு பக்கமும் இழுபட்டு, அறுவதற்கு நேரமானது. பெரிய துண்டை மகளிடம் கொடுத்தாள், ஒன்றை நாத்தனாரிடம். தன்னுடையதை நின்றபடியே, கண்ணை மூடாமல் சாப்பிட்டாள். விருந்தாளிகளுக்கு ஒன்றுமில்லை. பட்டாசு அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

நாலாவது துண்டை நீலக்கரைத் தட்டில் வைத்து, கணவர் உட்காரும் இடத்துக்கு முன்னால் நகர்த்தினாள்.

"அப்பா அழலையே," என்றாள் மகள்.

"வந்ததும் அழுவார்."

மகள் கிண்ணத்தை எடுத்து வந்து, ஆறிவிடாமல் மூடி வைத்தாள்.