மூன்று தட்டு

வேகம் கூட்டினால் எஞ்சின் ஒழுங்காக ஓடியது. ஐடிலிங்கில் விட்டால்தான் விக்கியது. மூன்று தட்டு, ஒரு நிறுத்தம், மறுபடி மூன்று தட்டு. மஹாதின் வெறும் பாதங்களுக்குக் கீழே படகின் தளம் அந்தக் கணக்கிலேயே அதிர்ந்தது.

மிர்பாத் துறைமுகத்தில் காலை ஒன்பது மணி ஆகியும் மூடுபனி விலகவில்லை. பத்தடிக்கு அப்பால் கடலும் தெரியவில்லை, கரையும் தெரியவில்லை. காயப்போட்ட மத்தியின் வாடை மட்டும் எங்கிருந்தோ வந்து சட்டையில் ஒட்டியது.

“இன்னும் கிளம்பலையா, அபூ ஃபாரிஸ்?” படகுத்துறையின் மேலிருந்து நசீப் கேட்டான். பக்கத்துப் படகுக்காரன், மஹாதை அவன் மகன் பெயரால் கூப்பிடுகிறவன்.

“இந்தச் சனியன் விக்குது. தொண்டைல முள்ளு சிக்கினவன் மாதிரி.”

“தண்ணி குடுத்துப் பாரேன்.” நசீப் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை. “உன் தம்பி நேத்து சாயங்காலம் அஸர் தொழுதுட்டு மீன் கூடு எடுக்கப் போனவன் இன்னும் வரல. ராத்திரி உனக்குப் போன் ஏதும் பண்ணினானா?”

“இல்ல.”

“சரி, நான் கரையோரமா வண்டில தேடிட்டுப் போறேன். நீ கடல் பக்கம் பாரு.”

“அவனுக்கு என்ன கேடு? பக்கத்து ஊர் ஸத்ஹுல எவன் வீட்லயாவது மூக்கு முட்டத் தின்னுட்டுத் தூங்குவான். ஊரே அலையணும்.”

நசீப் வண்டியை நோக்கி நடந்தான்.

எட்டு நாள் முன்பு, தேநீர்க் கடையில், தம்மான்தான் ஆரம்பித்தான். “எங்கண்ணன் எஞ்சினுக்குப் பெட்ரோல் ஊத்துறதில்ல, கோபத்தத்தான் ஊத்துறான். அதான் தினமும் சூடாகுது.” கடையே சிரித்தது. அன்றிலிருந்து பள்ளிவாசல் வாசலில் தம்மான் சொன்ன ஸலாம்களுக்கு மஹாத் வாய் திறக்கவில்லை. ஒரு ஸலாமுக்குப் பதில் சொல்ல ஒரு மூச்சு போதும். அந்த ஒரு மூச்சைத்தான் அவன் எட்டு நாளாக இறுக்கிப் பிடித்திருந்தான். நேற்று ராத்திரி இஷா தொழுகைக்குப் பிறகு போன் மூன்று முறை அடித்தது. தம்பியின் பெயரைப் பார்த்ததும் அதைக் குப்புறக் கவிழ்த்து வைத்தான்.

பல்லைக் கடித்துக்கொண்டு, ஓடிக்கொண்டிருந்த எஞ்சினின் மூடியைத் தூக்கினான். பில்டரிலிருந்து ஒரு பாட்டிலில் பெட்ரோலை வடித்துப் பார்த்தான். தண்ணீர் ஒரு சொட்டுக்கூட இல்லை. பிளக் ஒயர்களை ஆட்டிப் பார்த்தான். நான்கும் காய்ந்து, இறுக்கமாக இருந்தன. காற்றுக் குழாயின் இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தெளித்தான், எஞ்சினின் ஓட்டம் மாறவில்லை. அழுத்தமானியின் முள் அசையாமல் நின்றது. ஸ்பேனர் வழுக்கி விரல் முட்டி கிழிந்தது. எஞ்சினைத் திட்டினான், அதை விற்றவனைத் திட்டினான், தம்மானைத் திட்டினான். தட்டு நிற்கவில்லை.

கடைசியாக இன்ஜெக்டர் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டினான். கழற்றும்போதெல்லாம் எஞ்சின் தளர்ந்தது, மாட்டியதும் நிமிர்ந்தது. நான்கு சிலிண்டரும் வேலை செய்தன. எஞ்சினில் ஒரு குறையும் இல்லை.

ஆத்திரத்தில் சாவியைத் திருப்பி அணைத்தான்.

எஞ்சின் நின்றது.

மூன்று தட்டு. நிறுத்தம். மூன்று தட்டு.

அவன் கையிலிருந்த துணி கீழே விழுந்தது. பனியில் வழி தெரியாமலோ படகு பழுதாகியோ மாட்டிக்கொண்டவன் படகின் அடித்தளத்தை மூன்று முறை தட்டிவிட்டுக் காத்திருப்பான். தண்ணீர் வழியே சத்தம் வெகுதூரம் போகும். கேட்டவன் எவனானாலும், ஜென்மப் பகையாளியே ஆனாலும், தன் படகை இரண்டு முறை தட்டிப் பதில் சொல்ல வேண்டும். கேட்டேன், வருகிறேன் என்று அர்த்தம். இந்தக் கரையில் நடக்கப் பழகிய குழந்தைக்கும் அது தெரியும்.

ஒன்றரை மணி நேரமாக அவன் அதற்கு ஸ்பேனர் போட்டுக்கொண்டிருந்தான்.

மண்டியிட்டு இரண்டு முறை தட்டினான். அடியிலிருந்த சத்தம் சட்டென்று நின்றது. பிறகு முன்னைவிட வேகமாக வந்தது.

கயிற்றை அவிழ்த்துவிட்டுக் கிளம்பினான். கொஞ்ச தூரம் போவான், அணைப்பான், கேட்பான். தட்டு பலமாகிக்கொண்டே வந்தது. ‘அல்லாஹ்வே, அவனைக் கொடுத்துவிடு. பதில் சொல்லிவிடுகிறேன், எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன்’ என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. துறைமுகத்தின் முனை தாண்டியதும் பனிக்குள் வெள்ளையாக ஏதோ மிதந்தது. தம்மானின் படகு. கவிழ்ந்து கிடந்தது.

“தம்மான், வந்துட்டேன்டா. உள்ள காத்து இருக்குல்ல? அசையாத. நான் தூக்கறேன்.”

கவிழ்ந்த படகின்மேல் உள்ளங்கையை வைத்தான். சில்லென்றிருந்தது. அதில் அதிர்வே இல்லை.

போன் அடித்தது. இந்த முறை எடுத்தான்.

“மஹாத்.” நசீபின் குரல் உடைந்திருந்தது. “தேட வேணாம், திரும்பி வா. தம்மான் இங்க கரைல ஒதுங்கிக் கிடந்தான். உடம்பு விறைச்சுப் போச்சு. ராத்திரியே முடிஞ்சிருக்கும்.”

மூன்று தட்டு.

கவிழ்ந்த படகிலிருந்து இல்லை. அவனுக்குப் பின்னால். அவன் படகில்.

“கேக்குதா? என் முன்னாலதான் படுத்திருக்கான். முகத்த மூடிட்டோம்.”

மஹாத் திரும்பினான்.

படகின் விளிம்பைத் தாண்டி, தண்ணீருக்குள்ளிருந்து, ஒரு கை மேலே வந்திருந்தது. மணிக்கட்டு வரைதான். தூண்டில் கயிறு அறுத்த தழும்புள்ள, தம்மானின் விரல்கள். நகங்களுக்கடியில் மணல். அவை படகின் பக்கவாட்டில் மடங்கின. அவசரமில்லாமல் மூன்று முறை தட்டின. பிறகு உள்ளங்கை மெல்ல விரிந்து, அவன் பக்கமாக நீண்டு, காத்திருந்தது.